நிறம் மாறும் ஜன்னலும் சாம்பார் இட்லியும்

ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டால் வெயில் அடங்கும். கூடவே வெளிச்சமும் அடங்கிவிடும். பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். திரையை விலக்கினால் வெளிச்சம் வரும். கூடவே அனலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏ.சி.யை இரண்டு டிகிரி குறைப்போம், கரண்ட் பில் ஏறும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அறைக்குள் தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கிறது. வெயில் பட்டுத் திரை சூடாகிறது, அந்தச் சூடு போய்ச் சேரும் இடமும் அதே அறைதான். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வெயிலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே விட்டுவிட்டு விரட்ட முடியாது.

பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வெட்டிவேர் தட்டி கட்ட முடியாதே? கண்ணாடியே தேவைக்கேற்ப இருண்டு, தேவைக்கேற்பத் தெளிந்தால்? ஒரு ஸ்விட்ச் தட்டினால் நீலக் கண்ணாடி, மறுபடி தட்டினால் வெறும் கண்ணாடி. இது கற்பனையல்ல. எலெக்ட்ரோகுரோமிக் கண்ணாடி என்று பெயர். தமிழில் மின்நிறமாற்றக் கண்ணாடி எனலாம்.

போயிங் 787 விமானத்தில் பறந்தவர்களுக்கு இதன் உறவுக்காரர் ஒருவரைத் தெரியும். அந்த விமானத்தின் ஜன்னலில் இழுத்து மூடும் மறைப்பு கிடையாது. கீழே ஒரு பட்டன்தான். அழுத்தினால் ஜன்னல் மெல்ல மெல்லக் கருநீலமாகும். அதற்குள் இருப்பது ஒருவகை ஜெல். கட்டடங்களுக்கான ஆராய்ச்சியில் பெரிதும் அடிபடும் பெயர் வேறு: உலோக ஆக்சைடு. அதிலும் முதலிடம் டங்ஸ்டன் ஆக்சைடுக்கு.

டங்ஸ்டன் என்றதும் மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டி நினைவுக்கு வரும். மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே திரண்டு போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பல்பின் இழை, வெட்டும் கருவிகள் என்று பல வேலைகளுக்கு அந்த உலோகம் தேவைப்படுகிறது. நிறம் மாறும் ஜன்னலுக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் பூசும் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அதில் இருக்கும் டங்ஸ்டன் 2 கிராம் அளவுதான் வரும்.

இந்த ஆக்சைடு நிறம் மாறும் என்பது இருநூறு வருடப் பழைய செய்தி. ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்சீலியஸ், 1815-ல், வெளிர்மஞ்சளான டங்ஸ்டன் ஆக்சைடை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கியபோது அதன் நிறம் மாறுவதைப் பார்த்தார். அப்போது அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். பிறகு 1953-ல் லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில், கண்ணாடிகளுக்குப் பூச்சு பூசும் பால்சர்ஸ் நிறுவனத்தின் கிராஸ் என்பவர், டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தை அமிலத்தில் வைத்து மின்சாரம் கொடுத்து நீலமாக்கினார். அதை நிறுவனத்தின் உள்குறிப்பாக எழுதிவைத்தார். அது வெளியே வராமல் அப்படியே கிடந்தது.

உலகம் கவனித்தது 1969-ல். அமெரிக்கன் சயனமிட் என்ற ரசாயன நிறுவனத்தில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சத்யேந்திர தேப், மெல்லிய டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தில் மின்சாரம் செலுத்தி அதை நீலமாக்கிக் காட்டிக் கட்டுரை வெளியிட்டார். இந்தத் துறையின் தொடக்கம் என்று இன்றும் எல்லோரும் சுட்டிக்காட்டுவது அவருடைய ஆய்வைத்தான்.

ஆனால் அதில் ஒரு புதிர் இருந்தது. நிறம் மாற எலெக்ட்ரான் மட்டும் போதாது. எலெக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை உண்டு. அது படலத்துக்குள் நுழைந்தால், கணக்கைச் சமன் செய்ய ஒரு நேர்மின் அயனியும் கூடவே நுழைய வேண்டும். வெறும் காற்றில் வைத்த படலத்துக்கு அந்த அயனி எங்கிருந்து கிடைத்தது? 1970-களில் விடை தெரிந்தது. ஆவியாக்கிப் படியவைத்த அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தன. அவை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருந்தன. அந்த ஈரம்தான் ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுத்தது. ஈரமில்லாத படலம் ஒழுங்காக நிறம் மாறவில்லை. ஆக, முதல் நாளிலிருந்தே வேலை செய்தது துளைதான். யாரும் அதைப் பார்க்கவில்லை!

இன்றைய கண்ணாடி எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஐந்து அடுக்குகள் கொண்ட சாண்ட்விச் அது. வெளிப்பக்கம் இரண்டிலும் மின்சாரம் கடத்தும், ஆனால் ஒளியைத் தடுக்காத பூச்சு. செல்போன் தொடுதிரையில் இருப்பதும் அதே வகைப் பூச்சுதான். உள்ளே ஒரு பக்கம் டங்ஸ்டன் ஆக்சைடு, மறுபக்கம் பெரும்பாலும் நிக்கல் ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே லித்தியம் அயனிகள் நடமாடும் மின்பகுளி. ஒன்றிரண்டு வோல்ட் கொடுத்தால் லித்தியம் அயனிகள் நிக்கல் பக்கமிருந்து டங்ஸ்டன் பக்கம் குடிபெயரும். வோல்டேஜைத் திருப்பினால் அவை ஊர் திரும்பும்.

இது பேட்டரி மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், சரியாகவே தோன்றியிருக்கிறது. இது ஒரு ஒளிபுகும் பேட்டரிதான். செல்போன் பேட்டரி சார்ஜ் ஏறியதை மூலையில் உள்ள படம் காட்டும். இந்த பேட்டரி சார்ஜ் ஏறியதைத் தன் நிறத்திலேயே காட்டும்.

லித்தியம் நுழைந்ததும் டங்ஸ்டன் ஏன் நீலமாகிறது? கூடவே வந்த எலெக்ட்ரான் ஒரு டங்ஸ்டன் அணுவின் மேல் போய் உட்காருகிறது. பக்கத்து டங்ஸ்டன் அணு காலியாக இருக்கிறது. அங்கே தாவ அதற்குக் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை வெயிலின் சிவப்புப் பகுதியிலிருந்தும், அதற்கு அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சிவப்பு போனால் மிஞ்சுவது நீலம். அகச்சிவப்பு போனால் அனலில் ஒரு பகுதி குறையும். நிக்கல் ஆக்சைடு இதற்கு நேர்மாறு. அயனியை வெளியே அனுப்பும்போதுதான் அது பழுப்பாகும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பழுப்பு, இரண்டும் சேர்ந்து கண்ணை உறுத்தாத சாம்பல் சாயல். வீட்டுக்குள் எல்லோர் முகமும் நீலமாகத் தெரிந்தால் யாருக்குப் பிடிக்கும்?

இதற்கு ஆகும் மின்சாரம் எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மில்லிகூலும் மின்னூட்டம் செலுத்தினால் நன்றாக இருண்டுவிடும். 2 வோல்ட் என்று வைத்து ஒரு சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள். 200 முதல் 400 ஜூல் வரும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை ஏறக்குறைய அரை நிமிடம் எரியவைக்கும் அளவு. ஒருமுறை இருண்ட பிறகு இணைப்பைத் துண்டித்தாலும் கண்ணாடி மணிக்கணக்கில் இருண்டே இருக்கும்.

பொருள் குறைவு, மின்சாரமும் குறைவு, விஷயம் தெரிந்து இருநூறு வருடம் ஆகிறது. பிறகு ஏன் இது நம் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில்கூட இல்லை?

சமையலறைக்குப் போவோம். தட்டில் ஒரு இட்லி, பக்கத்தில் ஒரு பிடி கொழுக்கட்டை. இரண்டின் மேலும் சாம்பார் ஊற்றுங்கள். இட்லி இரண்டு நிமிடத்தில் நடுவரை ஊறிவிடும். கொழுக்கட்டை அரைமணி நேரம் கழித்து வெட்டிப் பார்த்தாலும் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். இரண்டிலும் அரிசி உண்டு, மேலே விழுந்ததும் ஒரே சாம்பார். இட்லியில் துளை இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

டங்ஸ்டன் ஆக்சைடு படலமும் அப்படியே. துளையில்லாத கெட்டிப் படலத்தில் லித்தியம் அயனி மேற்பரப்பில் நுழைந்து, திடப்பொருளுக்குள் முண்டியடித்து அடிவரை போக வேண்டும். இந்தப் பயணத்தில் கொடுமையான ஒரு கணக்கு இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. நிறம் ஆழமாக வேண்டும் என்று படலத்தைத் தடிமனாக்கினால் வேகம் படுத்துவிடும்.

நுண்துளைப் படலத்தில் மின்பகுளியே துளைகளுக்குள் இறங்கி அடிவரை போய்விடுகிறது. அயனி கடக்க வேண்டியது துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரை மட்டும்தான். 400 நானோமீட்டர் பயணம் 10 நானோமீட்டராகச் சுருங்கினால், மேலே சொன்ன கணக்குப்படி நேரம் 1,600-ல் ஒரு பங்காகும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

சரி, பத்து நானோமீட்டர் துளையை எப்படிப் போடுவது? துரப்பணம் வைத்துக் குடைய முடியாது. மாவு புளிப்பதுபோல், துளை தானாக உண்டாகும்படி படலத்தை வளர்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் செல்வாக்கான ஒரு பக்குவம் இது. டங்ஸ்டன் உலோகப் பொடியை ஹைட்ரஜன் பெராக்சைடில் கரைப்பார்கள். காது குத்தினால் புண்ணைத் துடைக்க உதவும் அதே பெராக்சைடுதான், ஆனால் பத்து மடங்கு காரமானது. கரையும்போது சூடு கிளம்பும். பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் பொங்கி வழியும். பொடி மறைந்ததும், மிஞ்சிய பெராக்சைடை ஒரு பிளாட்டினத் தகட்டைப் போட்டு முறிக்க வேண்டும். அடுத்து ஆல்கஹால் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் மஞ்சள் கலந்த ஒரு கரைசல் கிடைக்கும். மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியை அதில் முக்கி, ஒரே சீரான வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். இழுக்கும் வேகம்தான் படலத்தின் தடிமனை முடிவு செய்கிறது. பொதுவாக எல்லோரும் நினைப்பதற்கு மாறாக, வேகமாக இழுத்தால் படலம் தடிமனாகும், மெதுவாக இழுத்தால் மெலியும்.

இதுவரை துளைக்கு வழியில்லை. அதற்கு, முக்குவதற்கு முன்பே கரைசலில் ஒருவகைப் பாலிமரைக் கலந்துவிடுகிறார்கள். அதன் மூலக்கூறுகள் சோப்பு மூலக்கூறுகள் போல உருண்டை உருண்டையாகக் கூடி நிற்கும். அந்த உருண்டைகளைச் சுற்றி டங்ஸ்டன் ஆக்சைடு இறுகும். பிறகு சூளையில் வைத்துச் சுட்டால் பாலிமர் எரிந்து போய்விடும், அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே யுக்திதான். அவர்கள் அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். இங்கே வெற்றிடம் வெற்றிடமாகவே வேண்டும்.

தொழிற்சாலைகள் விரும்புவது வேறு வழியை. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் டங்ஸ்டன் உலோகத் தகட்டை ஆர்கான் அயனிகளால் அடித்து, அணு அணுவாகப் பெயர்த்து, கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்த்துக் கண்ணாடிமேல் படியவைக்கும் ஸ்பட்டரிங் முறை. அறையில் வாயுவின் அழுத்தம் குறைவாக இருந்தால் அணுக்கள் வேகமாக வந்து மோதி, இறுகிக் கெட்டிப் படலமாகும். அழுத்தத்தைக் கூட்டினால் வழியில் வாயு அணுக்களோடு முட்டி மோதி, களைத்துப்போய் வந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். படலம் சோளக்கொல்லை போலத் தூண் தூணாக வளரும். நடுவே இடைவெளி. அழுத்தம் காட்டும் ஒரு முள்ளைத் திருகியே துளையைக் கூட்டலாம், குறைக்கலாம்.

கண்ணாடியைச் சாய்த்து வைத்தும் இதைச் செய்கிறார்கள். மேற்குத்தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை குறைவதுபோல, முதலில் முளைத்த மேட்டுக்குப் பின்னால் அணுக்கள் விழாது. அந்த மழைமறைவுப் பகுதிதான் துளையாகிறது.

மின்சாரத்தாலேயே துளை போடும் வழியும் இருக்கிறது. 'ஹார்டு அனடைஸ்டு' தோசைக்கல் பல வீடுகளில் இருக்கும். அலுமினியத்தை அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன் மேற்பரப்பில் துளைகள் நிறைந்த கெட்டியான ஆக்சைடு வளரும். தோசைக்கல்லின் அந்தக் கருஞ்சாம்பல் தோல் அதுதான். டங்ஸ்டனையும் ஃபுளோரைடு கலந்த கரைசலில் இப்படியே செய்யலாம். ஆனால் உலோகத் தகடு ஜன்னலாக முடியாதே! எனவே முதலில் கண்ணாடிமேல் மெல்லிய டங்ஸ்டன் பூசி, அதை மின்சாரத்தால் ஆக்சைடாக மாற்ற வேண்டும்.

நிக்கல் ஆக்சைடுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நிக்கல் சல்பேட், பொட்டாசியம் பெர்சல்பேட், அம்மோனியா மூன்றும் சேர்ந்த கரைசலில் கண்ணாடியை நிறுத்திவைத்தால், அறை வெப்பநிலையிலேயே கறுப்பாக ஒரு படலம் படியும். எடுத்துக் கழுவி 300 டிகிரிக்கு மேல் சுட்டால் நிக்கல் ஆக்சைடு தயார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய இதழ்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். இடையில் துளையோ துளை.

இப்படி வழி பல இருந்தாலும் வில்லங்கம் ஒன்று எல்லாவற்றுக்கும் பொது. சாம்பாரில் ஊறிய இட்லி என்ன ஆகும்? சீக்கிரம் ஊறும், சீக்கிரம் குழைந்தும் போகும்.

துளை அதிகமான படலத்தில் மின்பகுளி தொடும் பரப்பு அதிகம். அயனிக்கு வாசல் திறந்த அதே இடத்தில் அரிப்புக்கும் வாசல் திறக்கிறது. டங்ஸ்டன் ஆக்சைடு, கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே கரையத் தொடங்கும் சுபாவம் கொண்டது. சுவர் மெலிந்தால் கரைவதும் வேகமாகும். தவிர, ஒவ்வொரு முறை லித்தியம் நுழையும்போதும் சுவர் லேசாக வீங்கும், வெளியேறும்போது சுருங்கும். பல்லாயிரம் முறை வீங்கிச் சுருங்கினால் விரிசல் விடும், உதிரும்.

உருகாமல் இருக்க நன்றாகச் சுடலாமா? சுட்டால் படிகமாகும். படிகமான ஆக்சைடு உறுதியானது, எளிதில் கரையாது. ஆனால் படிகம் வளரும்போது மெல்லிய சுவர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து துளைகளை விழுங்கிவிடும். டங்ஸ்டன் ஆக்சைடில் 350, 400 டிகிரியைத் தாண்டினால் இந்த விபத்து. பாலிமர் முழுவதும் எரியவும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டியிருக்கிறது. குறைவாகச் சுட்டால் கரி மிஞ்சும், கூடச் சுட்டால் துளை மூடும். இடையில் இருக்கும் சில பத்து டிகிரிக்குள் பக்குவம் பார்த்து இறக்க வேண்டும். பாகு பதம் தப்பினால் மைசூர்பாக்கு கல்லாவது போலத்தான்.

துளையின் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். துளை அதைவிட மிகச் சிறிதாக இருந்தால் ஒளி அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். நூறு, இருநூறு நானோமீட்டர் என்று பெருத்தால் ஒளி சிதறும், கண்ணாடி மூடுபனி படிந்ததுபோல் மங்கும். வேகமாக நிறம் மாறும், ஆனால் வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாத ஜன்னலை வைத்து என்ன செய்வது?

ஆய்வுக் கட்டுரைகளில் 'சில வினாடிகளில் நிறம் மாறியது' என்று படித்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: எவ்வளவு பெரிய கண்ணாடி? பெரும்பாலும் தபால்தலை அளவு. அதில் துளைதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆளுயர ஜன்னலில் கதை வேறு. மின்சாரம் ஓரத்திலிருந்து நடுப்பகுதிவரை அந்த மெல்லிய கடத்திப் பூச்சின் வழியே போய்ச் சேர வேண்டும், பூச்சின் மின்தடை அதை இழுத்துப் பிடிக்கும். முதலில் விளிம்பு நீலமாகும், நடுப்பகுதி பிறகுதான். அதனால்தான் கடையில் கிடைக்கும் பெரிய ஜன்னல்கள் முழுதாக இருளப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு நேர்த்தியான துளை போட்டாலும் இந்தத் தாமதத்தை அது தீர்க்காது. துளைக்கு அது செய்யாத புண்ணியத்தைச் சேர்த்துச் சொல்லும் விளம்பரங்களை அந்த அளவில் எடுத்துக்கொள்வதே நல்லது.

ஸ்பீடு ஒருபுறம் இருக்கட்டும். ஜன்னலுக்கு உண்மையான சோதனை ஆயுள். செல்போனை மூன்று வருடத்தில் மாற்றுகிறோம். ஜன்னலை யாரும் அப்படி மாற்றுவதில்லை. 20 வருடமாவது உழைக்க வேண்டும், அதுவும் வெயிலில் நின்றுகொண்டே.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் இதில் பல பத்தாண்டுகளாக மூழ்கியிருக்கிறது. 'ஸ்மார்ட் விண்டோ' என்ற பெயரை 1980-களின் நடுவில் பரப்பிய கிளேஸ் கிரான்குவிஸ்ட் அங்கே பேராசிரியராக இருந்தவர். டங்ஸ்டன் என்ற சொல்லே ஸ்வீடிஷ்தான், 'கனமான கல்' என்று அர்த்தம். அவருடைய குழு 2015-ல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் ஒரு சுவையான முடிவை வெளியிட்டது. பழசாகிப்போன டங்ஸ்டன் ஆக்சைடு படலம் நிறம் மாறச் சோம்பல்படுவது ஏன் என்று பார்த்தார்கள். உள்ளே போன லித்தியம் அயனிகளில் கொஞ்சம் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமான இடுக்குகளில் சிக்கி, வெளியே வராமல் தங்கிவிடுகின்றன. தண்ணீர்க் குடத்தின் அடியில் வண்டல் சேர்வதுபோல அவை சேர்ந்துகொண்டே போகின்றன. படலம் கெட்டுப்போகவில்லை, அடைத்துக்கொண்டது, அவ்வளவே. வழக்கமான வோல்டேஜுக்கு அசையாத அந்த அயனிகளை, நிலையான சிறு மின்னோட்டத்தை மணிக்கணக்கில் விடாமல் செலுத்தி வெளியே இழுத்தார்கள். படலம் புதிதுபோல நிறம் மாறத் தொடங்கியது! செத்துப்போனதாக நினைத்தது உறங்கிக்கொண்டிருந்தது. கரைந்தும் உதிர்ந்தும் போன படலத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அடைத்துக்கொண்ட படலத்துக்குப் பலிக்கும்.

வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதை மட்டும் நிறுத்திவிட்டு வெளிச்சத்தை விட முடிந்தால்? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் டெலியா மில்லிரன் குழு 2013-ல் அதைச் செய்துகாட்டியது. இண்டியம் டின் ஆக்சைடின் நானோ படிகங்களை நியோபியம் ஆக்சைடு கண்ணாடிக்குள் பதித்து ஒரு படலம். ஒரு வோல்டேஜில் எல்லாம் உள்ளே வரும். அடுத்த வோல்டேஜில் அனல் நிற்கும், வெளிச்சம் வரும். மூன்றாவதில் இரண்டும் நிற்கும். மே மாதத்து மதியங்களை நினைத்துப் பார்த்தால் அந்த நடு நிலைக்குத்தான் நம் ஊரில் மவுசு.

விலைதான் இன்னும் கையைக் கடிக்கிறது. வெற்றிட அறைகள், பல அடுக்குப் பூச்சு, ஜன்னலுக்கு ஜன்னல் ஒயரிங், கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் சேர்ந்து, சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய ஜன்னல்களைப் பெரிய அளவில் தயாரித்த 'வியூ' என்ற நிறுவனம் 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இருநூறு வருடக் கண்டுபிடிப்பு கடைக்கு வருவதில் இப்படியும் தடுக்கி விழுகிறது.

மலிவான வழி தேடுபவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும், அழகப்பா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000-களில் இந்த டங்ஸ்டன் ஆக்சைடு படலங்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் சிவாஜி பல்கலைக்கழகமும் இதில் நீண்ட நாள் உழைத்திருக்கிறது. இவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று தெளிப்பு முறை. கண்ணாடியைச் சூடாக்கி வைத்து, டங்ஸ்டன் கரைசலை மெல்லிய சாரலாகத் தெளிப்பது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஆவியாகும் அல்லவா? அதுபோல ஆவியாகும்போது ஆக்சைடு அங்கேயே படிந்துவிடும். வெற்றிட அறை வேண்டாம், கோடிக்கணக்கில் முதலீடு வேண்டாம். சாரலின் வேகமும் சூடும்தான் பக்குவம்.

இதற்கிடையில் உள்ளூர்க் கடைகளில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று ஒன்று விற்கிறது. அலுவலகக் கூட்ட அறைகளிலும், சில குளியலறைகளிலும் ஸ்விட்ச் தட்டியதும் பால்போல் வெளுத்து மறைக்குமே, அந்தக் கண்ணாடி. அது வேறு சாதி. அதற்குள் இருப்பது திரவப் படிகத் துளிகள். அது பார்வையை மறைக்கும். வெயிலின் சூட்டைப் பெரிதாகத் தடுக்காது. தெளிவாக இருக்க வேண்டுமானால் அதற்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலின் வெக்கையைக் குறைக்க என்று யாராவது அதை விற்க வந்தால், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தெளிவாக இருக்கும்போது கரண்ட் போனால் கண்ணாடி என்ன ஆகும்?" உடனே வெள்ளையாகிவிடும் என்றால் அது திரவப் படிகம். அப்படியே இருக்கும் என்றால், விலையைக் கேட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்காருங்கள்.